மீந்த சோற்றை விரைவாக ஆற்றுவது எப்படி?

வணக்கம். திருச்சியில் பெற்றோருடன் வசிக்கிறேன். கடந்த இரண்டு மாதங்களில் இரண்டு முறை, முந்தைய இரவு மீந்த சோற்றில் காலையில் எலுமிச்சைச் சாதம் கிளறிச் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்திற்குள் மூவருக்கும் கடும் வாந்தி ஏற்பட்டது. காய்ச்சல் இல்லை, மாலைக்குள் தெளிந்துவிட்டது. பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா காரணமாக இருக்கலாம் என்றும், அதன் வித்துகள் கொதிநீரிலும் பிழைத்து, சோறு மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகும் என்றும், அவை உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது என்றும் மருத்துவர் விளக்கினார்.

முதல் முறைக்குப் பின் ஆவி பறக்கச் சூடாக்கித்தான் கிளறினோம், பயனில்லை. 190 லிட்டர் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜுக்குள் வெப்பமானி வைத்துப் பார்த்தேன்; 4 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது. ஆகவே அதன்மேல் பழிபோட வழியில்லை. இரவு 8 மணிக்கு வடித்த சோறு ஆழமான பானையில் மூடியபடியே 11 மணிவரை அடுப்படியில் இருப்பதுதான் குறை என்று நினைக்கிறேன். அகலத் தாம்பாளத்தில் பரப்பிப் பார்த்தோம். எறும்பு மொய்த்தது, சோறும் விறைத்துப்போனது (அம்மாவுக்கு அதுதான் பெரிய வருத்தம்). நீரூற்றிய பழைய சோறு அப்பாவுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

சுமார் ஒரு கிலோ சோற்றை, விறைக்காமலும் எறும்பு ஏறாமலும், ஒரு மணி நேரத்திற்குள் ஆற்றி ஃபிரிட்ஜில் வைக்க உங்கள் வீட்டில் என்ன முறையைக் கையாள்கிறீர்கள்?