பென்ட்ரைவ்ல போல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆயிடுது, பார்மேட் பண்ணியும் திரும்ப வருது

மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ்:
வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்துல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன், நாலு சிஸ்டம், எல்லாமே விண்டோஸ் 7, லேன்ல ஒரு ஷேர் போல்டர் போட்டிருக்கேன். ஒரு வாரமா காலேஜ் பசங்க பிரிண்ட் எடுக்க பென்ட்ரைவ் சொருகுனா போதும், உள்ள இருக்கற போல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறிடுது. நேத்து ஒரு பொண்ணு ப்ராஜெக்ட் பைல் போச்சுன்னு வாசல்லயே அழுதுடுச்சு, எனக்கு மனசே கேக்கல. ஒரு சிஸ்டத்த பார்மேட் பண்ணேன், ரெண்டே நாள்ல மறுபடி வந்துடுச்சு. என்னதான் பண்றது?

லாஸ்பேட்டை சர்வீஸ்:
அண்ணே, முதல்ல அந்தப் பொண்ணுகிட்ட பென்ட்ரைவ பார்மேட் பண்ணிடாதம்மான்னு சொல்லுங்க, பைல் பெரும்பாலும் உள்ளயேதான் இருக்கும். இது வார்ம். வைரஸ் இன்னொரு பைல்ல ஒட்டிக்கிட்டுதான் வரும், வார்முக்கு அது தேவையில்ல, தானே காப்பி ஆகி அடுத்த மெஷினுக்குத் தாவும். பைலெல்லாம் ஹிட்டன் பண்ணிட்டு அதே பேர்ல ஷார்ட்கட் வெச்சிருக்கும், டபுள் கிளிக் பண்ணா பின்னாடி அது ஓடும், முன்னாடி நெஜ போல்டரும் தொறக்கும், அதனால யாருக்கும் சந்தேகமே வராது.

ஒண்ண மட்டும் பார்மேட் பண்ணீங்க, மத்த மூணுலயும் அது ஓடிக்கிட்டுதான இருக்கு, அங்க சொருகுன பென்ட்ரைவ் இங்க வந்தா முடிஞ்சுது. ஷேர் போல்டரயும் நம்பாதீங்க, 2008ல வந்த கான்பிக்கர்ங்கற வார்ம், பென்ட்ரைவ், நெட்வொர்க், சுலபமான பாஸ்வேர்டுன்னு மூணு வழியிலயும் பரவுச்சு, அதுக்கான பேட்ச், அதாவது ஓட்டைய அடைக்கற அப்டேட், அதுக்கு முந்தின மாசமே வந்திருந்தும் போடாதவங்கதான் மாட்டுனாங்க. 2017 மே மாசம் வந்த வான்னாக்ரைங்கற வார்மும் அப்படித்தான், பேட்ச் மார்ச்சுலயே வந்தாச்சு.

கடைய ஒரு நாள் மூடிட்டு நாலு சிஸ்டத்துலயும் லேன் கேபிள பிடுங்கிடுங்க. டாஸ்க் மேனேஜர்ல டபிள்யூஸ்கிரிப்ட்னு (ஸ்கிரிப்ட ஓட்டற விண்டோஸ் புரோகிராம்) ஏதாவது ஓடுனா நிறுத்துங்க, தானா எதெது ஓடணும்னு வெச்சிருக்கற ஸ்டார்ட்டப் போல்டர், டாஸ்க் ஷெட்யூலர் ரெண்டுலயும் நீங்க போடாத ஸ்கிரிப்ட் இருந்தா தூக்குங்க. அப்புறம் வேற சுத்தமான மெஷின்ல ஒரு ரெஸ்க்யூ டிஸ்க், அதாவது விண்டோஸ் இல்லாமலே பூட் ஆகற ஆன்டிவைரஸ் டிஸ்க், ரெடி பண்ணி, அதுல பூட் பண்ணி நாலையும் ஸ்கேன் பண்ணுங்க, விண்டோஸ் ஓடும்போதே ஸ்கேன் பண்ணா அது ஒளிஞ்சுக்க வாய்ப்பு இருக்கு. நாலும் சுத்தம்னு தெரிஞ்சப்புறம்தான் கேபிள் மாட்டணும். பென்ட்ரைவுக்கு கமாண்ட் ப்ராம்ப்ட்ல அட்ரிப் (attrib) கமாண்ட் போட்டு எச் (ஹிட்டன்), எஸ் (சிஸ்டம்), ஆர் (ரீட் ஒன்லி) மூணையும் மைனஸ் பண்ணா பைல் வெளிய வந்துடும், சிலதுல பேரே இல்லாத ஒரு போல்டருக்குள்ள எல்லாத்தயும் தள்ளி வெச்சிருக்கும், அதயும் தொறந்து பாருங்க.

பண்ருட்டி ஸ்டூடண்ட்:
அண்ணா எனக்கும் இப்படி ஆச்சு. ஸ்கூல்ல குடுத்த கவர்மெண்ட் லேப்டாப்ல விண்டோஸ் மாதிரியே இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டமான பாஸ் லினக்ஸ் இருந்துச்சு, அதுல சொருகிப் பாத்தேன், எல்லா பைலும் அப்படியே தெரிஞ்சுது. விண்டோஸுக்கு எழுதுன ஸ்கிரிப்ட் அங்க ஓடாது, அதனால பயமில்லாம காப்பி பண்ணிக்கலாம்.

லாஸ்பேட்டை சர்வீஸ்:
தம்பி சொல்றது ரொம்ப நல்ல யோசனை. அண்ணே, ஒரு சிஸ்டத்துல லினக்ஸ் போட்டு, வர்ற பென்ட்ரைவ் எல்லாத்தயும் அதுல மட்டும் தொறங்க. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோட அப்டேட் நின்னுபோச்சு, காசு சேந்ததும் மத்ததயும் மாத்திடுங்க.

மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ்:
ரொம்ப நன்றி தம்பிங்களா. ஞாயித்துக்கிழமை கடைய மூடிட்டு உக்காந்தேன், பார்மேட் பண்ண சிஸ்டம் உட்பட நாலுலயும் இருந்துச்சு, நைட்டு பத்து மணி ஆயிடுச்சு முடிக்க. பழைய மெஷின்ல லினக்ஸ் போட்டாச்சு. அந்தப் பொண்ணு பென்ட்ரைவ்ல பேரில்லாத போல்டர்தான், ப்ராஜெக்ட் முழுசா இருந்துச்சு, காலைல வந்து பிரிண்ட் எடுத்துட்டுப் போச்சு.