ஜெர்மன் ஓவியர் டியூரர் 1524ல செதுக்கின இந்தப் படத்துல இருக்கற ஆள் யாரு?

பென்சில்பிரியன்:
மூணு நாளா இதைப் பாத்து வரைஞ்சுட்டு இருக்கேன், வரவே மாட்டேங்குது. ஃபர் காலர், தொங்குற தாடை, உடைஞ்ச மாதிரி வளைஞ்ச மூக்கு, அழகான முகம்னு சொல்ல முடியாது ஆனா கண்ணை எடுக்க முடியல. யார் இவர்? கீழ லத்தீன்ல என்ன இருக்கு? வெறும் கோட்டுலயே எப்படி இவ்ளோ நிழல் கொண்டு வந்தார்?

தேன்மொழி:
வில்லிபால்ட் பிர்க்ஹைமர். ஜெர்மனியில நியூரம்பெர்க் நகரத்துக்காரர், வக்கீல் படிப்பு, நகர சபை மெம்பர், கிரேக்க நூல்களை லத்தீன்ல மொழிபெயர்த்தவர். டியூரரோட உயிர் நண்பர், வெனிஸ் போக கடன் கொடுத்ததே இவர்தான், அங்கருந்து டியூரர் இவருக்கு எழுதின லெட்டரெல்லாம் இன்னைக்கும் இருக்கு. 1503லயே இவரை கரியில வரைஞ்சிருக்கார், அதுலயும் இதே மூக்குதான். கீழ பேரு, வயசு 53, அப்புறம் ஒரு பழைய கவிதை வரி: "அறிவாலதான் வாழ்வு, மத்ததெல்லாம் சாவுக்குப் போயிடும்".

செப்புத்தகடு:
நான் பிரிண்ட்மேக்கிங் படிச்சவன். இது செப்புத் தகட்டுல பியூரின்ங்கற கூர் உளியால வெட்டினது. உளியை உள்ளங்கையில வச்சு முன்னாடி தள்ளணும், செம்பு சுருள் சுருளா எழும்பி வரும், வளைவு வேணும்னா கையைத் திருப்பக் கூடாது தகட்டைத்தான் திருப்பணும். அழுத்தினா கோடு தடிக்கும், விட்டா மெலியும், கன்னத்துச் சதையெல்லாம் அப்படி வந்ததுதான். அப்புறம் மை தேய்ச்சு, கோட்டுக்குள்ள இருக்கற மையை விட்டுட்டு மேல இருக்கறதை மட்டும் துடைச்சு எடுத்துட்டு, ஈரக் காகிதம் வச்சு பிரஸ்ல ஓட்டுவாங்க. எழுத்து முழுக்க கண்ணாடியில தெரியற மாதிரி இடவலம் மாத்தி வெட்டணும், ஒரு எழுத்து தப்பினா செம்பைச் சுரண்டி தட்டி சரி பண்ணணும், நான் ரெண்டு வரி வெட்டவே ஒரு வாரம் ஆச்சு. டியூரரோட அப்பா பொற்கொல்லர், சின்ன வயசுல அவர் பட்டறையிலதான் உளி பிடிச்சார், அதான் அந்தக் கை. நீங்க ஸ்மட்ஜ் பண்ணாம கன்னத்தோட வளைவு போற திசையிலயே கோடு போட்டுப் பாருங்க.

பென்சில்பிரியன்:
ஐயோ நான் விரலால தேய்ச்சுதான் நிழல் போட்டுட்டு இருந்தேன்! ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். அந்த வரிதான் மனசுல நின்னுடுச்சு.

தேன்மொழி:
இதையும் கேளுங்க. நாலு வருஷம் கழிச்சு, 1528ல டியூரர்தான் முதல்ல போனார். கல்லறை வாசகம் எழுதினது இந்த பிர்க்ஹைமர்: "ஆல்பிரெக்ட் டியூரர்ல எது அழியக் கூடியதோ அது இந்த மேட்டுக்குக் கீழ இருக்கு". நண்பன் டியூரர் இவர் படத்துக்கு அடியில வெட்டின வரிக்கு இவர் எழுதின பதில் மாதிரியே எனக்குத் தோணும். ரெண்டு வருஷத்துல இவரும் போயிட்டார், ரெண்டு பேரும் நியூரம்பெர்க்ல அதே யோஹானிஸ் இடுகாட்டுலதான் இருக்காங்க.