கருப்பட்டிக் காப்பி குடித்தால் சர்க்கரை ஏறாது என்கிறார் அப்பா: உண்மையா?

கேள்வி: பாளையங்கோட்டை மகள்

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 68. பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிட்டு வருகிறார். காலையும் இரவும் மெட்ஃபார்மின், காலையில் மட்டும் கிளிமிபிரைடு. சென்ற சித்திரையில் திருச்செந்தூர் போய்த் திரும்பும்போது உடன்குடியில் ஓர் ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி வாங்கி வந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சீனிக்கு இடமில்லை. காலையில் இரண்டு முறை, மாலையில் ஒரு முறை கருப்பட்டிக் காப்பி; இரவு பாலில் பனங்கற்கண்டு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையில் முன்பு 7.4 ஆக இருந்த அளவு இப்போது 8.9 ஆகிவிட்டது.

நான் சொன்னால் அவர் கேட்பதில்லை. வெள்ளைச் சீனிதான் நஞ்சு, பனையில் விளைவது உடம்பை ஒன்றும் செய்யாது என்கிறார். தம் தகப்பனார் ஆயுள் முழுவதும் கருப்பட்டிக் காப்பியே குடித்து 84 வயது வரை வாழ்ந்ததைச் சான்றாகக் காட்டுகிறார். சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு வரவில்லை, ஆகவே நோய் கட்டுக்குள்தான் இருக்கிறது என்பது அவருடைய இன்னொரு வாதம். இவை எல்லாவற்றையும் விட என்னை அச்சுறுத்துவது வேறொன்று: ஆங்கில மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, இரவு மாத்திரையை அவராகவே பல நாள்கள் விட்டுவிட்டார் என்பது சென்ற வாரம்தான் தெரிய வந்தது. இவற்றில் எது உண்மை, எது வெறும் நம்பிக்கை என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால், அவரிடம் சண்டை போடாமல் எடுத்துச் சொல்ல எனக்கு உதவியாக இருக்கும்.

பதில்: பனங்காட்டுப் பிள்ளை, உடன்குடி வட்டாரம்

தங்கச்சிக்கு வணக்கம். நான் மருத்துவன் அல்லன். மூன்று தலைமுறையாகப் பனையை நம்பி வாழ்ந்த குடும்பத்தைச் சேர்ந்தவன். எங்கள் ஊர்ச் சரக்கைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. 2023-இல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்களைப் போல மகிழ்ந்தவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் கருப்பட்டி எப்படி உண்டாகிறது என்பதைப் பார்த்தவர்களுக்கு உங்கள் அப்பாவின் வாதம் வியப்பைத்தான் தரும்.

பாளையைச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுகிறோம். சுண்ணாம்பு இல்லையென்றால் வடிகிற சாறு புளித்துக் கள்ளாகிவிடும். அதிலுள்ள இனிப்பைச் சாராயமாக மாறவிடாமல் காப்பதே சுண்ணாம்பின் வேலை. அப்படிக் காத்த பதநீரில் நூற்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு பங்கு இனிப்பு இருக்கும், மற்றதெல்லாம் பெரும்பாலும் தண்ணீர். அதை இறக்கி வடிகட்டி, பெரிய சட்டியில் மணிக்கணக்காகக் காய்ச்சி, பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றி ஆறவிட்டால் கருப்பட்டி. ஏறத்தாழ எட்டு லிட்டர் பதநீர் காய்ச்சினால் ஒரு கிலோ கிடைக்கும். அதாவது நாங்கள் அடுப்பில் விரட்டுவது தண்ணீரை மட்டுமே. இனிப்பு எங்கும் போவதில்லை. அந்த இனிப்பும் கரும்பில் இருக்கிற அதே சுக்ரோஸ்தான். சுத்திகரித்த சீனியில் இல்லாத சிறிதளவு சுண்ணாம்புச் சத்தும் இரும்பும் பொட்டாசியமும் கருப்பட்டியில் உண்டு, மணமும் உண்டு, அதனால்தான் அது நல்ல உணவு. ஆனால் பத்துக் கிராம் கருப்பட்டியில் எட்டுக் கிராமுக்கு மேல் சர்க்கரைதான் என்பதை அந்த மணம் மாற்றிவிடாது. மேலும் கருப்பட்டியின் இனிப்பு சீனியைப் போல நாக்கில் உடனே தைப்பதில்லை. ஆகவே காப்பிக்குக் கூடுதலாகவே போடுகிறோம். வீட்டில் ஒரு நாள் அளந்து பாருங்கள்.

தாத்தாவைப் பற்றி ஒன்று. என் தாத்தாவும் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டே தண்ணீர் குடிப்பவர்தான். பருவ காலத்தில் அவர் நாளுக்கு இரண்டு முறை முப்பதுக்கும் மேற்பட்ட பனைகளில் ஏறி இறங்கினார். உங்கள் அப்பா எத்தனை பனை ஏறுகிறார் என்று மரியாதையோடு கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு சங்கதியையும் மறைக்கக் கூடாது. கருப்பட்டி விலை ஏறியதிலிருந்து சீனிப் பாகைக் கலந்து காய்ச்சும் போலிச் சரக்கு சந்தையில் நிறையவே புழங்குகிறது. சீனிக்குப் பயந்து கருப்பட்டிக்குப் போனவர் பல நேரங்களில் கருப்பட்டி விலை கொடுத்துச் சீனியையே சாப்பிடுகிறார்.

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், வள்ளியூர்

அம்மா, முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசு மருத்துவப் பணியில் இருந்தவள் நான். முந்தைய பதிலில் அண்ணாச்சி கருப்பட்டியைப் பற்றி முழுமையாகவே சொல்லிவிட்டார். மற்றவற்றை நான் சொல்கிறேன்.

எறும்புக் கணக்கு முழுப் பொய் அன்று, அதுதான் அதிலுள்ள ஆபத்து. இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதைத் தடுத்து நிறுத்த முடியாமல் சிறுநீரில் வெளியே விடும். வெறும் வயிற்றில் 126-ஐத் தொட்டாலே அது சர்க்கரை நோய்க்குரிய அளவு. ஆக, 126-க்கும் 180-க்கும் நடுவே ஆண்டுக்கணக்காக இருப்பவருடைய சிறுநீரை எந்த எறும்பும் சீண்டாது. வயதானவர்கள் பலருக்கு அந்த வரம்பு 180-க்கும் மேலே போய்விடுவதால், 200-ஐத் தாண்டிய பிறகும் சிறுநீர்ச் சோதனை ஒன்றும் காட்டாமல் இருக்கலாம். இரத்தச் சோதனை பரவாத காலத்தில் எறும்பு ஓர் அடையாளமாக இருந்தது சரி. விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து நொடிகளில் அளவு பார்க்கும் கருவி மருந்துக் கடையிலேயே கிடைக்கும்போது எறும்பை எதற்கு எதிர்பார்க்க வேண்டும்?

மாத்திரை பற்றிய அச்சத்தை நான் பணியில் சேர்ந்த நாளிலிருந்து கேட்டுவருகிறேன். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் பலர் சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவர்கள். ஆகவே மாத்திரைதான் காரணம் என்று பார்ப்பவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளைப் பாழாக்குவது கட்டுப்படாத சர்க்கரையும் அதோடு சேரும் இரத்த அழுத்தமும்தான். மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. அது சிறுநீரகத்தின் வழியே வெளியேறும் மருந்து என்பதால், சிறுநீரகம் வேறு காரணத்தால் தளர்ந்துவிட்டால் மருத்துவர் அளவைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார். இந்த எச்சரிக்கையே வாய்க்கு வாய் மாறி "மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்" என்று ஆகிவிட்டது. நீண்ட நாள் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும், சிலருக்கு வயிற்றுப்போக்கு வரும். இவை உண்மையான பக்க விளைவுகள், மருத்துவரிடம் சொன்னால் வழி செய்வார். இயற்கை மீது உங்கள் அப்பாவுக்கு அவ்வளவு பற்று என்றால், ஐரோப்பாவில் நாட்டு மருந்தாகப் பயன்பட்ட கலேகா என்ற செடியில் இருந்த வேதிப்பொருளை ஆராய்ந்ததன் வழியாகவே இம்மருந்து உருவாயிற்று என்றும், 1957 முதல் சர்க்கரை நோய்க்குக் கொடுக்கப்பட்டு வருகிறது என்றும் சொல்லுங்கள்.

சிறுநீரகத்தின் மேல் அவருக்கு உண்மையிலேயே அக்கறை இருந்தால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் ஏற்கெனவே நலிந்த சிறுநீரகத்துக்குக் கெடுதல் செய்யக்கூடியவை. அவற்றை மிட்டாய் போலச் சாப்பிட்டுக்கொண்டு மெட்ஃபார்மினைக் கண்டு அஞ்சியவர்களை நான் எண்ணற்ற முறை பார்த்திருக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரில் அல்புமினும் இரத்தத்தில் கிரியாட்டினினும் பார்த்துவிடுங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பது தாளிலேயே தெரிந்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். பதினோரு ஆண்டு நோய் என்றால் பாதத்தில் உணர்வு குறைந்திருக்க வாய்ப்புண்டு. வெறுங்காலுடன் நடந்தால் நரம்பு வலுப்படும் என்று நம்பி, சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்துக் கருங்கல்லில் நடந்து உள்ளங்கால் வெந்ததே தெரியாமல் வீடு திரும்பியவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். நெல்லையப்பரையோ திருச்செந்தூர் முருகனையோ சேவிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வெயில் ஏறுமுன் போய் வரட்டும், இரவு படுக்குமுன் நீங்கள் அவருடைய பாதங்களைப் பாருங்கள்.

கடைசியாக, கருப்பட்டி மருந்தாகிற வேளை ஒன்று உண்டு. கிளிமிபிரைடு சாப்பிட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி, வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வரலாம். அப்போது விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். சீனி இல்லையென்றால் பொடித்த கருப்பட்டியும் அதே வேலையைச் செய்யும். பதினைந்து நிமிடத்தில் மீண்டும் அளவு பார்க்க வேண்டும். சர்க்கரையை ஏற்றாத பொருளாக இருந்தால் அது அந்த நேரத்தில் எப்படிக் காப்பாற்றும் என்று அவரிடமே கேளுங்கள்.

பதில்: கடையநல்லூரான்

எல்லோரும் ஆங்கில மருத்துவத்தையே தூக்கிப் பிடிக்கிறீர்கள். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று முன்னோர் சும்மாவா சொன்னார்கள்? என் பெரியப்பா எட்டு மாதமாக ஆவாரம்பூக் குடிநீரும் ஒரு மூலிகைப் பொடியும் மட்டுமே சாப்பிடுகிறார், மாத்திரையே இல்லை, நன்றாகத்தான் இருக்கிறார்.

பதில்: மருந்தாளுநர், அம்பாசமுத்திரம்

கடையநல்லூர் நண்பருக்கு: நன்றாக இருக்கிறார் என்பது அவரைப் பார்த்துச் சொல்வதா, சோதனைத் தாளைப் பார்த்துச் சொல்வதா? சர்க்கரை 250-இல் நின்றாலும் பல பேருக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. கண்ணிலும் சிறுநீரகத்திலும் வேலை ஓசையின்றி நடந்துகொண்டிருக்கும். ஆவாரம்பூவையோ வெந்தயத்தையோ பாகற்காயையோ நான் தள்ளிவிடவில்லை. அவற்றால் சர்க்கரை ஓரளவு குறையலாம், ஆனால் இவ்வளவு தின்றால் இவ்வளவு குறையும் என்ற உறுதி இல்லாததால் மாத்திரைக்கு மாற்றாக வைக்க முடியாது. சித்த மருத்துவம் வேண்டுமென்றால் பாளையங்கோட்டையிலேயே அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்த மருத்துவரிடம் போய், சாப்பிடும் எல்லா மருந்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். பெயர்ச்சீட்டு இல்லாத பொடிதான் கவலைக்குரியது. மூலிகை என்று விற்கப்பட்ட சில சர்க்கரைப் பொடிகளைச் சோதித்தபோது, அவற்றில் கிளிபென்கிளமைடு போன்ற ஆங்கில மருந்தே கலந்திருந்தது கண்டறியப்பட்டிருக்கிறது. பெரியப்பா மாத்திரையை விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அளவு தெரியாத மாத்திரையைப் பொடியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கவும் கூடும்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நோய் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில் உடல் எடையைக் கணிசமாகக் குறைத்தவர்களில் ஒரு பகுதியினர் மாத்திரை இல்லாமலே சர்க்கரையைச் சரியான அளவில் வைத்திருப்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட உண்மை. அதை மருத்துவர் அளவு பார்த்துப் பார்த்துச் செய்வார். இரவு மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைப்பது அந்த வகையில் சேராது.

மாத்திரை வாங்கும் செலவு ஒரு காரணமாக இருந்தால், 2021 முதல் நடந்துவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் மருந்து வீட்டுக்கே வருகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

பாளையங்கோட்டை மகளுக்கு ஒரு யோசனை. வாதத்தை விட்டுவிட்டு அளவு பார்க்கும் கருவியை அப்பாவின் கையிலேயே கொடுங்கள். ஒரு நாள் காலையில் இனிப்பில்லாத காப்பி, மறுநாள் அதே நேரத்தில் அதே அளவு கருப்பட்டிக் காப்பி, மாத்திரையும் பலகாரமும் இரண்டு நாளும் ஒன்றே. குடிக்குமுன் ஒரு முறை, ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறை அவரே குத்திப் பார்த்து எழுதட்டும்.

பதில்: பாளையங்கோட்டை மகள்

எல்லோருக்கும் நன்றி. அண்ணாச்சி சொன்னபடி முதலில் கருப்பட்டியை எடை போட்டேன்; ஒரு தம்ளருக்கு 22 கிராம் போட்டிருக்கிறார், நான் பத்துக் கிராம் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு சோதனை. இனிப்பில்லாத காப்பி குடித்த நாள் 151-இலிருந்து 196 ஆயிற்று, அது இட்லியின் கணக்கு. கருப்பட்டிக் காப்பி குடித்த நாள் 148-இலிருந்து 263. கருவி பழுது என்றார். மறுநாள் அவராகவே திரும்பச் செய்து பார்த்தார், 257 வந்தது. அதன் பிறகு வெகுநேரம் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

மருத்துவரிடம் போய் மாத்திரையை விட்டதையும் சொல்லியாயிற்று. சிறுநீரகச் சோதனையில் குறையில்லை. இரவு மாத்திரை இப்போது என் எதிரில் சாப்பிடுகிறார். காப்பி இனிப்பில்லாமல் ஒரு வேளை, வெறும் சுக்குக் காப்பி ஒரு வேளை. இரவுப் பாலில் பனங்கற்கண்டும் நின்றுவிட்டது. ஓலைப்பெட்டியில் மிச்சமிருந்த கருப்பட்டியில் ஒரு சிரட்டை அளவு மட்டும் தாழ்சர்க்கரைக்கு என்று எழுதி அலமாரியில் வைத்துவிட்டு, மற்றதை அத்தை வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். தைக்குப் பனங்கிழங்கு வரும், அதையாவது சாப்பிடலாமா என்று கேட்கச் சொன்னார்.

பதில்: பனங்காட்டுப் பிள்ளை, உடன்குடி வட்டாரம்

சாப்பிடட்டும், ஆனால் அதுவும் மாவுச் சத்துதான். அவித்த கிழங்கு ஒன்று தின்கிற அன்று அந்த வேளைச் சோற்றில் பாதியைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், கருவியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.