‘சோம்பல்’ பொருந்தாது, ‘ஒத்திவைப்பு’ம் பொருந்தாது: புரோகிராஸ்டினேஷனுக்கு ஒரு சொல்

அன்புடையீர், வணக்கம்.

நம் உளவியல் சொற்பட்டியலில் ‘புரோகிராஸ்டினேஷன்’ என்பதற்கு நேரே ஒத்திவைத்தல், காலதாமதம், சோம்பல் என்று மூன்று சொற்கள் நிற்கின்றன. மூன்றையும் எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

உளவியல் ஆய்வாளர் பியர்ஸ் ஸ்டீல் 2007இல் தந்த வரையறையின் சாரம் இது: செய்யவேண்டும் என்று நினைத்த வேலையை, தாமதித்தால் தனக்குத்தான் கேடு என்று தெரிந்தும், தானாகவே தாமதிப்பது. நீதிமன்றம் வழக்கை ஒத்திவைப்பதில் கேடு தெரிந்தும் செய்தல் என்பது இல்லை. ரயில் காலதாமதமாக வருவதில் பயணியின் விருப்பத்துக்கு இடமே இல்லை. சோம்பலில் வேலை செய்யும் எண்ணமே இல்லை.

ஆய்வேட்டின் மூன்றாம் இயலை எழுத உட்காரும் மாணவரைப் பாருங்கள். கோப்பைத் திறக்கிறார். முதல் வரி வரவில்லை, மனம் கலங்குகிறது. உடனே எழுந்துபோய்ப் புத்தக அலமாரியைத் துடைத்து அடுக்குகிறார், திரும்பி வந்து அடிக்குறிப்புகளின் எழுத்துருவைச் சீராக்குகிறார். வியர்க்க வேலை செய்பவரைச் சோம்பேறி என்று எப்படிச் சொல்வது? அடுக்கி முடித்ததும் கலக்கம் தணிகிறது. அந்த ஆறுதல்தான் அவருக்குக் கிடைக்கும் கூலி. மறுநாளும் அதையே தேடிப் போகிறார். உளவியல் ஆய்வாளர்கள் சிரோய்ஸ், பிச்சில் இருவரும் 2013இல் இதைக் காலத்தைக் கையாளத் தெரியாமை என்று கொள்ளாமல், அந்நேரத்து மனநிலையைச் சீராக்கும் முயற்சி என்றே விளக்கினார்கள். வெறும் கால அட்டவணை பல சமயம் பலிக்காமல் போவதும் இதனால்தான். ‘இயலை எழுது’ என்பதைவிட, ‘காலை 7 மணிக்கு மேசையில் உட்கார்ந்ததும் அட்டவணை 2இன் கீழ் இரண்டு வரி’ என்று இடமும் நேரமும் முதல் அசைவும் குறித்துக்கொண்டால் தொடங்குவது எளிது.

திருக்குறள் இந்த வேறுபாட்டை அறியும். ‘நெடுநீர் மறவி மடிதுயில் நான்கும்’ (605) என்று நீட்டித்தலை ‘நெடுநீர்’ எனவும் சோம்பலை ‘மடி’ எனவும் தனித்தனியாக எண்ணுகிறது. ஆகவே ‘நெடுநீர்மை’ என்பதை முன்வைக்கிறேன்.

*

ஐயா, வணக்கம்.

விளக்கத்தை முழுமையாக ஏற்கிறேன். சொல்தான் இடிக்கிறது. உளவியல் சொற்கள் வினாநிரலுக்குள், அதாவது மக்களிடம் கேள்வி கேட்டு அளக்கும் படிவத்துக்குள் போகும். ‘நெடுநீர்மை எனக்கு அடிக்கடி நேர்கிறது’ என்று கேட்டால், விடையளிப்பவர் ஆற்றையோ ஏரியையோ நினைப்பார், அளவீடே பிழையாகிவிடும். வினைச்சொல்லாகவும் அது வளையாது. ‘காலங்கடத்தல்’ என்றால், உறங்கப் போவதைத் தாமதிப்பதற்குக் கூட்டுச்சொல் ஆக்கும்போது ‘உறக்கக் கடத்தல்’ என்று குற்றவழக்குபோல் ஒலிக்கும். இலங்கையில் ‘பிற்போடல்’ உண்டு. ஆனால் தேர்தல் பிற்போடப்பட்டது என்பதுபோல அங்கே அது ஒத்திவைப்புக்கு உரிய சொல்.

மக்கள் வாயில் இருப்பது ‘தள்ளிப்போடுவது’. அதையே பொருள் வரையறுத்து எடுத்துக்கொள்வோம். தள்ளிப்போடு, தள்ளிப்போடுவோர், தள்ளிப்போடல் அளவுகோல் எல்லாம் தடையின்றி வருகின்றன. தடுப்பார் யாருமில்லாதபோதும் படுக்கப் போகாமல் கைபேசியோடு இருப்பதை 2014இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் தனியாக ஆராய்ந்தார்கள். அதற்கு ‘உறக்கத் தள்ளிப்போடல்’ போதும்.

*

வணக்கம் அம்மா.

வினாநிரல் பற்றி நீங்கள் சொன்னது சரி. செயலுக்குத் ‘தள்ளிப்போடல்’ இருக்கட்டும். ஆனால் ஒருமுறை தள்ளிப்போடுவது வேறு, ஆண்டுக்கணக்கில் ஒருவரிடம் நிலைத்த இயல்பு வேறு. ஆய்வுகளும் இரண்டையும் பிரித்தே அளக்கின்றன. நிலைத்த இயல்புக்கு மட்டும், பாடநூலில் மட்டும், ‘நெடுநீர்மை’யை வைக்கலாம். இங்கே ‘நீர்’ என்றால் இயல்பு; அதே குறளில் ‘கெடுநீரார்’ என்பதில் வருவதும் அதுதான்.

இன்னொன்று பாக்கி. 2014இல் உளவியல் ஆய்வாளர் ரோசன்பாமின் குழுவினர் ஒரு நடைவழியில் இரண்டு வாளிகளை வைத்து, ஏதாவது ஒன்றை எடுத்து வழியின் கடைசிவரை கொண்டுபோகச் சொன்னார்கள். பலரும் தமக்கு அருகில் இருந்ததையே முதலில் தூக்கி, வீணாக நெடுந்தூரம் சுமந்தார்கள். கூடுதல் உழைப்பானாலும் கையோடு முடித்துவிடும் இந்தத் துடிப்புக்கு ‘பிரீகிராஸ்டினேஷன்’ என்று பெயரிட்டார்கள். தள்ளிப்போடலுக்கு இணையாக ‘முந்திப்போடல்’ என்று எழுதிவைத்திருக்கிறேன். உங்கள் காதுக்கு எப்படி இருக்கிறது?