இரண்டு சிறுநீரகமும் வீங்கியிருக்கின்றன, லிம்போமா சந்தேகம்: பயாப்ஸி அவசியமா?

கேள்வி:
அப்பாவுக்கு விலாவுக்குக் கீழே விடாத வலி. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 4-ஐத் தாண்டிவிட்டது. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் பெரிதாகத் தெரிகின்றன. கல்லும் இல்லை, அடைப்பும் இல்லை. லிம்போமாவாக (நிணநீர்ப் புற்றுநோய்) இருக்கலாம், பயாப்ஸிக்கு ஊசி போட்டுத் திசு எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். குத்தினால் பரவிவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். ஸ்கேனை வைத்தே முடிவு செய்ய முடியாதா?

பதில் 1:
என் மனைவிக்கு இதேதான் வந்தது. தயங்காமல் சம்மதியுங்கள். ஸ்கேனில் சிறுநீரகப் புற்றுநோயும் லிம்போமாவும் ஒன்றுபோலவே தெரியலாம். ஆனால் முன்னதற்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை, லிம்போமாவுக்குக் கீமோ. அவளுக்கு எடுத்தவை நூல் போன்ற மெல்லிய திசு இழைகள்தான். அதில் சிடி20 (பி-செல் என்ற வெள்ளை அணுக்களின் மேல் இருக்கும் அடையாளப் புரதம்) பாசிட்டிவ் என்று வந்த பிறகே பி-செல் வகை லிம்போமா என்பது உறுதியானது. ஊசியில் கவனிக்க வேண்டியது ரத்தக்கசிவைத்தான். ரத்தம் உறைவதைக் குறைக்கும் ஆஸ்பிரின் ஏதும் அப்பா எடுக்கிறாரா?

பதில் 2:
முடிந்தவரை பயாப்ஸிக்கு முன் ஸ்டீராய்டு வேண்டாம். லிம்போமா செல்கள் அழிந்து முடிவு குழம்பலாம். அப்புறம் நோய் உடலில் வேறெங்கே இருக்கிறது என்று பார்க்கப் பெட் ஸ்கேனும் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையும் கேளுங்கள். லிம்போமா பொதுவாகத் தோன்றும் நிணத்திசு சிறுநீரகத்தில் இயல்பாகக் கிடையாது. வேறிடத்திலிருந்து அங்கே பரவுவதுதான் அதிகம்.

கேட்டவர்:
ஆமாம், ஆஸ்பிரின் உண்டு. இன்றே டாக்டரிடம் சொல்கிறேன். கிரியாட்டினின் இறங்குமா?

பதில் 1:
அவளுக்கு முதல் கீமோவிலேயே இறங்கத் தொடங்கியது. லிம்போமாதான் என்றால், செல்கள் சிதையும்போது யூரிக் அமிலமும் பொட்டாசியமும் ஏறும். கீமோ தொடங்கும் நாட்களில் அவற்றை அடிக்கடி பார்க்கிறார்களா என்று கேளுங்கள்.