டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர்: லீவருக்குப் பிடிக்கிறது, பெடலுக்குப் பிடிக்கவில்லை

வணக்கம் நண்பர்களே. டெக்சாஸ் பக்கம் பிக்கப்பில் இரட்டை அச்சு கேம்பர் (தங்கும் வசதியுள்ள டிரெய்லர்) இழுக்கிறவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

புதிதாக ஒரு எலக்ட்ரானிக் பிரேக் கன்ட்ரோலர் மாட்டியிருக்கிறேன். வண்டி வேகம் குறைவதை சென்சார் உணர்ந்து, அதற்கேற்ப டிரெய்லர் பிரேக்குக்குக் கரண்ட் கொடுக்கும் வகை. கறுப்பு வயர் பேட்டரிக்கு, வெள்ளை எர்த், சிவப்பு பிரேக் லைட் சுவிட்சுக்கு, நீலம் டிரெய்லருக்கு. இதில் குழப்பம் இல்லை.

காலி மைதானத்தில் 25 மைல் வேகத்தில் கன்ட்ரோலரின் கை லீவரை (டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடிப்பது) தள்ளினால் டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொள்கிறது. அதற்குச் சற்றுக் கீழே கெயினை, அதாவது டிரெய்லர் பிரேக்குக்குப் போகும் அதிகபட்ச அளவை, வைத்தேன். அப்புறம் பெடலை மிதித்தால், டிரெய்லர் பின்னாலிருந்து வண்டியை நெட்டித் தள்ளுகிறது! லீவருக்குத் திரையில் 11 வோல்ட் வரை ஏறுகிறது. பெடலுக்கு, நன்றாக அழுத்தினாலும், 3-ஐத் தாண்டவில்லை. பிரேக் லைட் எரிகிறது. டிரெய்லர் சக்கரத்துப் பிரேக்கை இயக்கும் மேக்னெட் ஒன்றுக்குச் சுமார் 3 ஆம்பியர், நாலுக்கும் 12. லீவரைத் தள்ளி நீல வயரில் அளந்தால் கிட்டத்தட்ட அதுதான் வருகிறது. ஆகவே டிரெய்லர் பக்கம் கோளாறு இல்லை என்றே நினைக்கிறேன்.

என் சந்தேகம் சென்சார் இருக்கும் கன்ட்ரோலர் பெட்டியின் சாய்வு மேல். ஸ்டீயரிங்குக்குக் கீழே இடமில்லாமல் மூக்கு மேல்நோக்கி நிற்கிறது. சாய்வை மாற்றினால் தீருமா, பூஸ்ட்டை (பெடலை மிதித்ததும் டிரெய்லர் பிரேக் எவ்வளவு வலுவாகப் பிடிக்கத் தொடங்கும் என்ற அமைப்பு) ஒரு படி ஏற்ற வேண்டுமா? பூஸ்ட் ஏற்றினால் டிராஃபிக்கில் வெட்டி வெட்டி நிற்குமே என்று யோசனை.

பெடலை மிதிக்கும்போது உங்கள் திரையில் எத்தனை வோல்ட் காட்டுகிறது? கடையில் கேட்டால் வேறு மாடல் வாங்கு என்கிறார்கள், அவ்வளவுதான்.