வீட்டு சர்வரிலிருந்து போகும் மெயில் போய்ச் சேரவில்லை, என்ன வழி?

கல்லிடை_வாசி:
கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டில் அப்பளம் போடுகிறோம், சித்தியும் பக்கத்துத் தெருப் பெண்கள் நாலைந்து பேரும் சேர்ந்து செய்கிற வேலை. ஆர்டர் பாதி போனில், பாதி மெயிலில். சொந்தமாக டொமைன் வாங்கி, ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் மெயில் அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸும் வந்த மெயிலைப் படிக்கத் தரும் டவ்காட்டும் போட்டு, ஊர் ஃபைபர்காரரிடம் தனியாகப் பணம் கட்டி ஸ்டாட்டிக் ஐபியும் (மாறாத இணைய முகவரி எண்) வாங்கிவிட்டேன். மெயில் உண்மையில் எங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் சரியாக இருக்கின்றன. உள்ளே வரும் மெயிலில் ஒரு குறையும் இல்லை, வெளியே போவதுதான் பாடாய்ப் படுத்துகிறது. ஒரு பெரிய நிறுவனத்தின் முகவரிக்கு அனுப்பினால் 550 என்ற மறுப்பு எண்ணோடு உடனே திரும்புகிறது. இன்னொரு நிறுவனம் 250, அதாவது ஏற்றுக்கொண்டோம் என்று வாங்கிக்கொள்கிறது, ஆனால் அந்த ஆளுக்குப் போகவில்லை, ஸ்பேம் பெட்டியில்கூட இல்லை. மும்பை மாதுங்காவிலிருந்து ஒரு மாமி கல்யாணத்துக்கு 40 கட்டு விலை கேட்டிருந்தார். அன்றைக்கே பதில் போட்டேன். பத்து நாள் கழித்து போன் செய்து, "முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே" என்றார். சித்திக்கு அன்று முழுக்க முகமே சரியில்லை. ஒரு நாளைக்கு 15 மெயில்தான் அனுப்புகிறோம், எங்களை எதற்கு ஸ்பேம் என்கிறார்கள்?

பாளை_லினக்ஸ்:
550-க்குப் பின்னால் வரும் வரியை முழுசாகப் பாருங்கள் அண்ணாச்சி, அதில் ஸ்பேம் தடுப்புப் பட்டியல்கள் வெளியிடும் ஸ்பேம்ஹவுஸின் பிபிஎல் என்ற பட்டியல் பெயர் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அது ஸ்பேம் அனுப்பியவர்களின் பட்டியல் இல்லை. வீட்டு இணைப்புக்குக் கொடுக்கிற ஐபிகள் நேரடியாக மெயில் அனுப்ப வேண்டியதில்லை என்று தொகுதி தொகுதியாகச் சேர்த்து வைத்த பட்டியல், பல இடங்களில் இணைய நிறுவனங்களே கொடுத்தது. ஸ்டாட்டிக் ஐபி என்றால் நீக்கச் சொல்லி அவர்கள் தளத்திலேயே கேட்கலாம். ஆனால் அதற்கு முன்னால் ரிவர்ஸ் டிஎன்எஸ், அதாவது ஐபியைக் கொடுத்தால் பெயர் சொல்லும் பதிவு, என்ன பெயர் காட்டுகிறது என்று பாருங்கள். அது உங்கள் மெயில் சர்வர் பெயராக இருக்க வேண்டும், அந்தப் பெயரும் திரும்ப அதே ஐபிக்கே வர வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதை எல்லாரிடமும் கேட்கிறது, நாளைக்கு 5000 அனுப்புகிறவர்களிடம் மட்டும் இல்லை. ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி வழியாகப் போகிறதா என்றும் பாருங்கள், அதற்கு ரிவர்ஸ் இல்லையென்றால் போஸ்ட்ஃபிக்ஸை ஐபிவி4-இல் மட்டும் அனுப்பச் சொல்லிவிடுவது நல்லது.

கல்லிடை_வாசி:
நீங்கள் சொன்னது அப்படியே சரி, பிபிஎல்தான். ரிவர்ஸில் ஐபி எண்ணையே கோடு போட்டுப் பெயராக வைத்திருக்கிறார்கள். ஃபைபர்காரரைக் கேட்டால் "அது மேல உள்ளவங்க கையில இருக்கு" என்கிறார். மேலே யார் என்று அவருக்கும் தெரியவில்லை.

சாரல்_தென்காசி:
ரிவர்ஸ் மாற்றித் தராத இணைப்பில் முட்டிக்கொண்டு இருக்காதீர்கள். நான் சில வருஷம் மெயில் சர்வர் பார்க்கிற வேலையில் இருந்தேன், வாசலில் நின்று தடுக்கிற பக்கம். வைரஸ் பிடித்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள்தான் அப்போது ஸ்பேமைக் கொட்டின, அப்படிப்பட்ட கம்ப்யூட்டர்களைச் சேர்த்து ஆட்டிவைத்த ரஸ்டாக் என்ற பாட்நெட்டை 2011-இல் முடக்கும் வரை அதுவே எங்களுக்குப் பெரிய தலைவலி. ஒவ்வொரு மெயிலையும் திறந்து பார்த்து முடிவெடுக்க முடியாது, வீட்டு ஐபி என்றாலே வேண்டாம் என்று சொன்னால்தான் மூச்சு விட முடிந்தது. இன்றைக்கும் அந்தத் தடுப்பு நியாயம் என்றே சொல்வேன்.

உங்களுக்கு வழி இருக்கிறது. ஒரு சின்ன விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் இணைய சர்வர்) எடுங்கள், ரிவர்ஸை நீங்களே வைத்துக்கொள்கிற இடமாக. சில இடங்களில் மெயில் சர்வர்கள் தங்களுக்குள் பேசும் 25-ஆம் போர்ட்டைக் கேட்டால்தான் திறப்பார்கள், பழைய ஆள் கெடுத்துவிட்டுப் போன ஐபியும் கைக்கு வரும், அதனால் வாங்கிய அன்றே பட்டியல்களில் தேடிப் பாருங்கள். வீட்டு போஸ்ட்ஃபிக்ஸில் ரிலேஹோஸ்ட்டாக (மெயிலை வாங்கி முன்னே அனுப்பும் சர்வராக) அதை வைத்து 587-ஆம் போர்ட் வழியாக அனுப்புங்கள். எஸ்பிஎஃப்பில் விபிஎஸ் ஐபியைச் சேர்க்க மறக்காதீர்கள். மெயில் பெட்டி வீட்டிலேயே இருக்கும், வெளியே போகும் வாசல் மட்டும் வேறு.

பொருநைக்கரை:
வழி சரி, ஆனால் நியாயம் என்று சொன்னதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தெருவில் ரெண்டு பேர் கடனைத் திருப்பித் தரவில்லை என்று அந்தத் தெருவுக்கே சாமான் இல்லை என்று சொல்லும் கடையை நம் ஊரில் யாராவது நல்ல கடை என்பார்களா? சரி, 550 சொல்லித் திருப்பியாவது விடுகிறார்கள், அனுப்பியவனுக்கு விஷயம் தெரிகிறது, போன் போட்டுப் பேசிக்கொள்ளலாம். 250 என்று வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் தூக்கிப் போடுவதுதான் எனக்கு ஆறவே இல்லை. 250 சொன்னால் அந்த மெயிலைச் சேர்ப்பது வாங்கியவர் பொறுப்பு என்று 2008-இல் வந்த மெயில் விதி ஆவணமான ஆர்எஃப்சி 5321 தெளிவாகச் சொல்கிறது. மோசடி, அல்லது வேறு வகையில் தகாதது என்று மிக உறுதியாகத் தெரிந்தால் மட்டும்தான் சொல்லாமல் விடலாம் என்கிறது. அப்பளத்துக்கு விலை சொன்னதில் என்ன மோசடி?

சாரல்_தென்காசி:
அதில் உங்களோடு நானும் உடன்படுகிறேன். வேண்டாம் என்றால் வாசலிலேயே சொல்ல வேண்டும்.

கல்லிடை_வாசி:
விபிஎஸ் எடுத்து மாற்றிவிட்டேன். முதலில் கிடைத்த ஐபி ஒரு பட்டியலில் இருந்தது, திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினேன். 550 நின்றுவிட்டது. மாமிக்கு மறுபடி எழுதினேன், அரை மணி நேரத்தில் பதில் வந்தது. கல்யாண ஆர்டர் வேறு இடத்தில் கொடுத்துவிட்டாராம், வளைகாப்புக்கு நம்மிடம் 10 கட்டு கேட்டிருக்கிறார். இப்போது எங்கள் பெயரில் வந்த மெயில் சோதனையில் தேறியதா என்று மற்ற நிறுவனங்கள் அனுப்பும் டிமார்க் அறிக்கைகள் தினமும் எக்ஸ்எம்எல்லாக வந்து குவிகின்றன, அதை எதில் போட்டுப் படிப்பது?